மனநோய் குறித்த நமது புரிதலும் சிகிச்சையில் நேரும் தாமதமும்

ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அதைக் காய்ச்சல் என்று சொல்வதில் வீட்டில் எவருக்கும் கருத்து வேறுபாடு எழுவதில்லை. மருத்துவமனைக்கு இன்று செல்வதா, நாளை செல்வதா என்பது மட்டுமே கேள்வி. மனநோயின் நிலை வேறு. மூன்று வாரங்களாக உறங்காமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு, உணவில் நஞ்சு கலந்திருப்பதாக அஞ்சும் ஓர் இளைஞரைப் பார்த்துத் தந்தை அதைத் திமிர் என்பார்; தாய் கண்ணேறு என்பார்; பாட்டி காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்பார்; நண்பர்கள் காதல் தோல்வி என்று முடிவு கட்டுவார்கள். வைக்கப்படும் பெயருக்கேற்ப அவர் கொண்டு செல்லப்படும் இடமும் மாறும். திமிர் என்றால் கண்டிப்பு, கண்ணேறு என்றால் திருஷ்டி கழித்தல், காத்துக் கருப்பு என்றால் மந்திரிப்பவர். இவை அனைத்தையும் கடந்து மருத்துவரிடம் வந்து சேரும்போது பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகளே கழிந்திருக்கும்.

அந்தத் தாமதத்திற்கு விலை உண்டு. குரல்கள் கேட்பது, ஆதாரமற்ற ஐயங்கள் உறுதிப்படுவது போன்ற அறிகுறிகளுடன் தொடங்கும் நோய்களில், சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, குணமடைதல் மெதுவாகவும் முழுமையற்றும் அமைகிறது. படிப்பும் வேலையும் நட்பும் அந்தக் காலத்தில்தான் கைநழுவிப் போகின்றன.

பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஆய்வின்போது ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதவர்களாக இருந்தனர். மருத்துவமனையின் தூரம், பயணச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, மனநல மருத்துவர் பற்றாக்குறை ஆகியவை இதற்கு முதன்மையான காரணங்கள். அவற்றை மறைத்துவிட்டுப் பழி முழுவதையும் மக்களின் அறியாமையின்மேல் போடுவது நேர்மையாகாது. எனினும் மருத்துவமனை அருகிலேயே இருந்தும் வராதவர்கள் பலர். அவர்களைத் தடுத்து நிறுத்துவது எது என்பதை விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம்.

சொற்கள் செய்யும் வேலை

'பைத்தியம்' என்னும் சொல் இன்று வசைச்சொல். ஆனால் அதன் வேர் 'பித்தம்'. உடலில் பித்தம் மிகுந்தால் மனம் கலங்கும் என்று பண்டைய மருத்துவம் கருதியதால் தோன்றிய சொல் அது. 'பித்தம் தலைக்கேறிவிட்டது' என்று இன்றும் சொல்கிறோம். மனக்கலக்கத்திற்கு உடல்சார்ந்த காரணம் உண்டு, அதற்கு மருந்தும் உண்டு என்ற எண்ணம் நம் மரபுக்குப் புதியதன்று. காலப்போக்கில் மருத்துவப் பொருள் தேய்ந்து, இகழ்ச்சி மட்டும் எஞ்சிவிட்டது.

ஓர் ஊரின் பெயரே இவ்வாறு ஆனதும் உண்டு. சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள அரசு மனநலக் காப்பகம் 1794-இல் நகரில் தொடங்கப்பட்ட மனநோயாளர் விடுதியின் தொடர்ச்சி. 1871-இல் இப்போதுள்ள வளாகத்திற்கு மாறியது. 'உன்னைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்' என்ற கேலியைக் கேட்டு வளராத தமிழர் குறைவு. நூறு பேர் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் அந்தச் சொல், உண்மையிலேயே அங்குச் செல்ல வேண்டியவரின் காலைக் கட்டிப்போடுகிறது. 'அங்கே போய்வந்ததாகத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது' என்று அஞ்சி, நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள வேறொரு மாவட்ட மருத்துவமனைக்கு மகளை அழைத்துச் செல்லும் பெற்றோரைப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். இரண்டு முறை வருவார்கள். மூன்றாம் முறை பயணச் செலவு தாங்காது.

சொல்லால் நேரும் இன்னொரு குழப்பம் இதைவிடப் பரவலானது. 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இரண்டு வெவ்வேறு நிலைகளுக்கு வழங்குகின்றன. தேர்வு, கடன், வேலைப்பளு ஆகியவற்றால் வரும் நெருக்கடி ஒன்று. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி நீடிக்கும் துயரம், எதிலும் விருப்பமின்மை, உறக்கக் குறைவு, பசியின்மை, தன்னைப் பயனற்றவராகக் கருதுதல் ஆகியவற்றுடன் வரும் 'மனச்சோர்வு நோய்' மற்றொன்று. முன்னது எல்லோருக்கும் வருவது. நெருக்கடி நீங்கினால் பெரும்பாலும் தானே தணியும். பின்னது சிகிச்சை தேவைப்படும் நோய். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், நோயுற்றவரிடம் 'யாருக்குத்தான் மன அழுத்தம் இல்லை? இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வா' என்று சொல்வது இயல்பாகிவிடுகிறது. அவரும் தம் பலவீனமே காரணம் என்று நம்பி வாயை மூடிக்கொள்கிறார்.

'மனச்சிதைவு' என்ற சொல்லிலும் இடர் உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் 1908-இல் முன்வைத்த 'ஸ்கிசோஃப்ரினியா' என்னும் பெயரின் தமிழாக்கம் இது. எண்ணமும் உணர்ச்சியும் செயலும் ஒன்றோடொன்று இசையாமல் பிரிந்து நிற்பதையே அவர் அப்பெயரால் குறித்தார். ஆனால் 'சிதைவு' என்றதும் நம் மனத்தில் எழுவது மீண்டும் ஒட்டவைக்க முடியாத உடைந்த பானை. ஜப்பானிலும் இந்நோய்க்கு 'மனம் பிளந்த நோய்' என்ற பொருளில்தான் பெயர் வழங்கியது. அதைச் சொல்லத் தயங்கி மருத்துவர்கள் நோயின் பெயரையே நோயாளிகளிடம் மறைத்து வந்தனர். நோயாளிகளின் குடும்பத்தினர் வேண்டிக்கொண்டதன்பேரில் 2002-இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் 'ஒருங்கிணைவுக் குறைபாடு' என்ற பொருள்தரும் புதுப் பெயரை ஏற்றது. நோயின் பெயர் தெரிவிக்கப்பட்ட நோயாளிகள் 2002-இல் 37 விழுக்காட்டினர். இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஆயினர். மருந்து மாறவில்லை, மருத்துவமனை மாறவில்லை. பெயர் மட்டுமே மாறியது. தென்கொரியா பின்னர் இசைக்கருவியின் தந்தியைச் சுருதி கூட்டும் உவமையிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டது. தமிழில் அத்தகைய மாற்றுச்சொல் இன்னும் நிலைபெறாததால் இப்பக்கத்திலும் மனச்சிதைவு என்றே குறிப்பிடுகிறோம். இச்சொல்லை மருத்துவர் சொல்லக் கேட்கும் குடும்பத்தினர், மருந்தாலும் மறுவாழ்வுப் பயிற்சியாலும் முன்னேற்றம் காணும் நோய் இது என்பதையும், ஒரு பகுதியினர் முழுமையாகவே நலமடைகின்றனர் என்பதையும் அதனுடன் சேர்த்தே மனத்தில் கொள்ள வேண்டும்.

உடலின் வழியே பேசும் மனம்

ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு வரும் எவரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. 'தலை பாரமாக இருக்கிறது', 'நெஞ்சு படபடக்கிறது', 'உடம்பெல்லாம் எரிகிறது', 'வாயு மேலே ஏறி அடைக்கிறது', 'கை கால் ஓய்ந்துபோய்விட்டது' என்பார்கள். இது பாசாங்கன்று. மனச்சோர்வும் பதற்றமும் உறக்கத்தையும் பசியையும் வலியுணர்வையும் நேரடியாகப் பாதிப்பவை. ஊடுகதிர்ப் படம், ஸ்கேன், இதய மின்வரைவு என்று ஒவ்வொன்றாக எடுத்து, 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்ற விடையுடன் திருப்பி அனுப்பப்படும்போது அவர் ஆறுதல் அடைவதில்லை. தம் துன்பத்தை எவரும் நம்பவில்லை என்று எண்ணி அடுத்த மருத்துவரைத் தேடுகிறார். சோதனைகள் இயல்பாக இருந்தும் உபாதை நீடித்தால், உறக்கம் எப்படி, விருப்பமாகச் செய்துவந்த வேலையில் இப்போதும் விருப்பம் இருக்கிறதா என்ற இரு கேள்விகளை வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். விடைகளை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதனால் அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

இதற்கு நேர்மாறான பிழையும் நேர்வதுண்டு. மனநோய்போல் தோன்றும் உடல்நோய்கள் பல. தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் பி12 குறைபாடும் மனச்சோர்வைப் போன்ற நிலையை உண்டாக்கலாம். முதியவர் ஒருவர் ஓரிரு நாள்களில் திடீரென நேரம், இடம், ஆள் தெரியாமல் குழம்பினால் சிறுநீர்த் தொற்றோ இரத்தத்தில் சோடியம் குறைந்ததோ காரணமாக இருக்கலாம். காய்ச்சலுடன் பிதற்றலும் நடத்தை மாற்றமும் வந்தால் அது மூளைத் தொற்றாக இருக்கக்கூடும். மந்திரிக்கவோ, மனநல மருத்துவரின் புறநோயாளி நாளுக்காகக் காத்திருக்கவோ அப்போது நேரமில்லை; உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பிரசவத்திற்குப் பின்வரும் கடும் மனக்கலக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஊர்ப்புறத்தில் இதைச் 'சன்னி' என்பார்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் நேரக்கூடியது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும். உறக்கமின்மை, படபடப்பு, குழந்தையைப் பற்றிய விபரீத எண்ணங்கள் ஆகியவை விரைவாக முற்றும். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து உள்ள அவசர நிலை இது. உரிய சிகிச்சையில் பெரும்பாலான தாய்மார்கள் நன்கு குணமடைகின்றனர். 'தீட்டுக் கழியட்டும்', 'பதினாறாம் நாள் ஆகட்டும்' என்று காத்திருத்தல் கூடாது.

யார்மீது பழி?

நோய்க்குக் காரணம் தேடும்போது குடும்பங்கள் முதலில் கைநீட்டுவது தாயை நோக்கியே. செல்லம் கொடுத்துக் கெடுத்தாள், அல்லது கண்டித்து ஒடுக்கினாள். இரண்டில் எதுவானாலும் குற்றவாளி அவளே. இதில் மருத்துவத் துறைக்கும் பங்கு உண்டு. பாசமற்ற தாயின் வளர்ப்பே மனச்சிதைவை உண்டாக்குகிறது என்ற கருத்து 1940-களின் இறுதியில் மேலைநாட்டு மனநல மருத்துவத்தில் எழுந்து, பல்லாண்டுகள் எண்ணற்ற தாய்மார்களை வாட்டியது. சான்றில்லை என்று பின்னர் கைவிடப்பட்டது. நூல்களிலிருந்து நீங்கிய அக்கருத்து வீடுகளிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

இன்று அறிந்தவரை, மனச்சிதைவு மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்றாக உயர்கிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. மரபணுக்கள் முற்றிலும் ஒன்றாக இருந்தும் பாதிப்பேருக்கு நோய் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். பரம்பரை ஒரு காரணம், அதுவே விதியன்று. கஞ்சாப் பழக்கம், சிறுவயதில் நேர்ந்த கொடுமைகள், பிறப்பின்போது ஏற்பட்ட சிக்கல்கள், இடைவிடாத நெருக்கடி ஆகியவையும் சேர்ந்தே நோயைத் தூண்டுகின்றன. மனச்சோர்வில் வறுமை, கடன், குடும்ப வன்முறை, குடிப்பழக்கம் ஆகியவற்றின் பங்கு இன்னும் பெரிது. கணவனின் அடி ஓயாதவரை மாத்திரை மட்டும் அவளைக் குணப்படுத்தாது. அங்கே மருத்துவத்தோடு 181 மகளிர் உதவி எண்ணும் தேவைப்படும்.

குடும்பம் நோயை உண்டாக்குவதில்லை; ஆனால் வீட்டின் சூழல் நோய் திரும்ப வருவதைப் பாதிக்கிறது. ஓயாத குறைகூறலும் பகைமையும் நிலவும் வீடுகளில், குணமடைந்து திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் தலைதூக்குவது கூடுதல் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. 'பத்து மணி வரை தூங்குகிறான், சோம்பேறி' என்று தந்தை ஏசுவது பெரும்பாலும் நோயின் அறிகுறியையோ மருந்தின் பக்கவிளைவையோதான். அதை மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவையோ உட்கொள்ளும் நேரத்தையோ மாற்ற முடியும்.

வழிபாட்டுத் தலங்களும் மருத்துவமும்

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவின் அருகே தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டு, அங்கிருந்தோர் அரசுப் பாதுகாப்புக்கு மாற்றப்பட்டனர்.

இறந்தவர்களை அங்குக் கொண்டு சேர்த்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் பிள்ளைக்கு நலம் கிடைக்கும் என்று நம்பிப் பல மதங்களிலிருந்தும், தொலைதூர ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். மருத்துவமனை அச்சமூட்டியபோது தர்கா அவர்களை ஏற்றுக்கொண்டது. ஆகவே மக்களின் நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று ஏளனம் செய்வதால் பயன் விளையாது. ஏளனத்திற்கு ஆளான குடும்பம் நம்பிக்கையைக் கைவிடுவதில்லை, மருத்துவரையே கைவிடுகிறது.

வழிபாட்டுத் தலங்களில் தங்குவோருக்கு ஆறுதல் கிடைப்பதும் உண்மையே. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக ஆறு வாரத் தங்கலுக்குப் பின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே அடிதடியோ கட்டுதலோ இல்லை, குடும்பத்தினர் உடனிருந்தனர், அன்றாட வேலைகள் இருந்தன, எவரும் அவர்களை இகழவில்லை. அன்பான சூழலின் ஆற்றலை அந்த ஆய்வு காட்டுகிறது. அதே சமயம், சிறிய ஆய்வு ஒன்றில் கண்ட 20 விழுக்காட்டுக் குறைவைக் கொண்டு மருந்து வேண்டாம் என்ற முடிவுக்கு வருதல் பிழை. கடுமையான நோய்களில் மருந்தின்றிக் கழியும் ஒவ்வொரு மாதமும் இழப்பே.

இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சி ஏர்வாடியிலேயே பின்னர் நிகழ்ந்தது. தர்கா வளாகத்திலேயே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்து மருந்து வழங்குகின்றனர். தொழுகையும் நேர்த்தியும் தடையின்றித் தொடர்கின்றன. 'மருந்தும் பிரார்த்தனையும்' என்பதே அத்திட்டத்தின் பெயருக்குப் பொருள். உங்கள் குடும்பத்திற்கும் இவ்வழி பொருந்தும். கோயிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோ செல்லுங்கள்; மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விரதத்தின்போது மருந்தை நிறுத்த வேண்டாம். குறிப்பாக, லித்தியம் உட்கொள்பவர் உணவும் நீரும் குறைத்தால் இரத்தத்தில் அதன் அளவு நச்சுத்தன்மை அடையும் வரை உயரக்கூடும் என்பதால், விரதத்திற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும். எவரேனும் சங்கிலியிடவோ, சாட்டையால் அடிக்கவோ, மிளகாய்ப் புகை காட்டவோ முற்பட்டால் அங்கிருந்து அழைத்து வந்துவிடுங்கள்.

திரையும் செய்தியும்

2005-இல் வெளியான 'அந்நியன்', 'சந்திரமுகி' ஆகிய இரண்டும் ஓர் உடலில் வேறோர் ஆளுமை தோன்றுவதைக் கதையாகக் கொண்டவை. பொழுதுபோக்குக் கதைகளாக அவற்றில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் 'மனநோய்' என்றாலே பலர் அத்தகைய உருமாற்றத்தையும் அதைத் தொடரும் கொலையையும் எதிர்பார்க்கின்றனர். அந்நிலை மிக அரிது. மனச்சிதைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. பிறரால் தாக்கப்படும், ஏமாற்றப்படும் வாய்ப்பே அவர்களுக்கு மிகுதி.

மின்அதிர்வுச் சிகிச்சையைத் திரைப்படங்கள் காட்டும் முறையும் அச்சத்தை விதைத்துள்ளது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி அச்சிகிச்சை அளிப்பதைச் சட்டமே தடை செய்துள்ளது. நோயாளி உறங்கும் நிலையில் சில நிமிடங்களில் முடியும் அது, உண்ணவும் பேசவும் மறுக்கும் கடும் மனச்சோர்விலும் தற்கொலை எண்ணம் மேலோங்கிய நிலையிலும் உயிர்காப்பது.

தற்கொலைச் செய்திகளை வெளியிடும் முறை பிற தற்கொலைகளைத் தூண்டவோ தடுக்கவோ வல்லது. முறையை விவரிக்காமலும் தலைப்பில் பரபரப்பு ஊட்டாமலும் உதவி எண்ணுடன் வெளியிட வேண்டும் என்ற வழிகாட்டுதலை இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-இல் ஏற்றது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களும் இதைப் பின்பற்றினால் நன்று.

'கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்'

திருமணம் எந்த மனநோய்க்கும் மருந்தன்று. நோயை மறைத்து நடத்தும் திருமணத்தில், மாத்திரையை ஒளித்து உண்ண வேண்டிய கட்டாயம் முதல் மாதத்திலேயே வருகிறது, மருந்து நிற்கிறது, நோய் திரும்புகிறது. ஆணுக்கு நோய் என்றால் மனைவி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும், பெண்ணுக்கு நோய் என்றால் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றும் நம் சமூகம் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. மறைத்து மணமுடித்ததைக் காரணம் காட்டி நீதிமன்றத்தில் திருமணத்தையே செல்லாததாக்கக் கோரும் வழக்குகளும் வருகின்றன.

நோய் உள்ளவர் மணம்புரியவே கூடாது என்பதும் சரியன்று. நோய் கட்டுக்குள் வந்து, அவரே விரும்பி, மறுதரப்பினருக்கும் உண்மை தெரிந்திருந்தால் தடையேதுமில்லை. கருவுறத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வால்புரோயேட் போன்ற மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால் அதை மாற்றியமைக்க வேண்டியிருக்கும். தாமாகவே நிறுத்திவிடுவது ஆபத்தானது.

மாத்திரைகளைப் பற்றி

'எல்லாம் தூக்க மாத்திரை', 'ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுவதும்', 'மூளை மழுங்கிவிடும்' ஆகிய மூன்றும் நாள்தோறும் கேட்கும் கருத்துகள். பதற்றத்திற்கும் உறக்கத்திற்கும் சில வாரங்கள் மட்டும் தரப்படும் ஒருவகை மாத்திரைகளுக்குப் பழக்கமாகும் தன்மை உண்டு. சீட்டின்றிக் கடைகளில் வாங்கித் தொடர்வதாலேயே சிக்கல் மிகுகிறது. மனச்சோர்வுக்கான மருந்துகள் அவ்வாறு அடிமைப்படுத்துவதில்லை. அவற்றின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பக்கவிளைவு முதலிலும் பலன் பின்னரும் வருவதால், முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுபவர் மிகப் பலர். முதன்முறை வந்த மனச்சோர்வில், குணமடைந்த பின் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்ந்து, பின்னர் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கலாம். மனச்சிதைவிலும் இருதுருவ மனநோயிலும் கூடுதல் காலம் வேண்டும். சிலருக்குப் பல்லாண்டுகள் தேவைப்படும். நீரிழிவுக்கு ஆயுள் முழுவதும் மருந்து உண்பதை நாம் இழிவாகக் கருதுவதில்லை.

நோய் என்று விளக்கினால் மட்டும் போதுமா?

மேற்சொன்ன ஒப்பீட்டை மருத்துவர்கள் நாங்கள் அடிக்கடி கையாளுகிறோம். அதற்கும் எல்லை உண்டு. அமெரிக்காவில் 1996-இலும் 2006-இலும் நடந்த பொதுமக்கள் கருத்தாய்வுகளை ஒப்பிட்டபோது, மனநோய் மூளை சார்ந்தது என்று ஏற்போரும் சிகிச்சையை ஆதரிப்போரும் பெருகியிருந்தனர். நோயுற்றவரை அண்டை வீட்டாராகவோ உடன் பணிபுரிபவராகவோ ஏற்கும் மனப்பான்மை மட்டும் வளரவில்லை. அறிவு மாறியது, விலக்கம் மாறவில்லை. 'மூளையிலேயே கோளாறு' என்பது சிலர் காதில் 'மாற்றவே முடியாதவர்' என்று ஒலிக்கிறது.

விலக்கத்தைக் குறைப்பதில் பெரியவர்களிடம் அதிகப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுவது நேரடிப் பழக்கம். நோயிலிருந்து மீண்டு, கடை நடத்தும் அல்லது பள்ளியில் பாடம் கற்பிக்கும் ஒருவருடன் ஒரு மணிநேரம் பேசுவது, சுவரொட்டிகளைவிடக் கூடுதலாக மனத்தை மாற்றுகிறது. நம்மிடையே மீண்டவர்கள் ஏராளம். மறைத்து வாழ்வதால் கண்ணில் படுவதில்லை. தெரியவருபவர்கள் நோய் முற்றிய நிலையில் தெருவில் திரிபவர்கள் மட்டுமே என்பதால், அதுவே நோயின் முழு உருவம் என்று ஊர் நம்பிவிடுகிறது. எனினும் வெளியே சொல்வதா வேண்டாமா என்பது நோயுற்றவரின் முடிவு. பிறருக்குப் பாடமாகும் என்று குடும்பத்தினரோ முதலாளியோ அவரைக் கட்டாயப்படுத்தலாகாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. 'சேர்த்துவிட்டால் வெளியே விடமாட்டார்கள்' என்ற அச்சத்திற்கு அதில் விடை உண்டு. தாமாக விரும்பிச் சேர்ந்தவர் கேட்டால் விடுவிக்க வேண்டும். தேவைப்பட்டால் மதிப்பீட்டிற்காக 24 மணிநேரம் மட்டும் நிறுத்திவைக்கலாம். முடிவெடுக்க இயலாத நிலையில் குடும்பத்தினர் போன்ற நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் சேர்க்கப்படுபவரை 30 நாள்களுக்கு மேல் வைத்திருக்க உரிய சட்ட நடைமுறையும் மறு ஆய்வு வாரியத்தின் பரிசீலனையும் வேண்டும். சங்கிலியிடுதல், கட்டாயமாக மொட்டையடித்தல் ஆகியவை தடைசெய்யப்பட்டுள்ளன. எதிர்காலத்தில் நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். நோய் விவரங்களை மறைவாகக் காப்பது மருத்துவமனையின் கடமை. உடல்நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்ததாகவே கருதப்படுவார். அவருக்குத் தேவை சிகிச்சை, வழக்கன்று. 'காவல் நிலையம் போக நேருமே' என்றஞ்சி நஞ்சு உண்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரத் தயங்க வேண்டாம்.

நோயால் நீண்டகால இயலாமை 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்கீழ்ச் சான்றிதழும் அதன்வழி உதவிகளும் பெறலாம்.

எங்கே, எவ்வாறு அணுகுவது

எந்த நேரத்திலும் 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்துத் தமிழில் பேசலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை அது. உங்களுக்கு அருகில் எந்த அரசு மருத்துவமனையில் எந்த நாளில் மனநல மருத்துவர் வருகிறார் என்பதையும் கேட்டறியலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் வட்ட மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்கள் குறித்த நாள்களில் வருகின்றனர்.

முதன்முறை வரும்போது நோயாளியுடன் நெருங்கிப் பழகும் ஒருவர் உடன் வருவது அவசியம். மாற்றம் எப்போது தொடங்கியது, உறக்கம் எத்தனை மணிநேரம், குடி அல்லது கஞ்சாப் பழக்கம் உண்டா, இதுவரை எங்கெங்குக் காட்டினீர்கள் என்பவற்றைத் தாளில் எழுதி வாருங்கள். மந்திரித்ததையும் நாட்டு மருந்து கொடுத்ததையும் மறைக்க வேண்டாம். எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். உண்டுவரும் மருந்துகளின் அட்டைகளை அப்படியே எடுத்து வரவும்.

நோயாளி வர மறுத்தால் 'உனக்குப் பைத்தியம்' என்று வாதிட்டுப் பயனில்லை. 'தூக்கம் வராமல் கஷ்டப்படுகிறாயே, அதற்காகப் போவோம்' என்று அவரே ஒப்புக்கொள்ளும் துன்பத்தைச் சொல்லி அழையுங்கள். பொய் சொல்லி ஏமாற்றி அழைத்து வந்தால் மறுமுறை வரமாட்டார். அவர் சாவைப் பற்றிப் பேசினால், 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாதவாறு பூட்டிவைத்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்; அவசரத்திற்கு 108-ஐ அழைக்கவும்.